ஓர்க்காவும் கொள்ளு ரசமும்

பெண் பார்க்கப் போன இடத்தில் திமிங்கலத்தைப் பற்றிப் பேசிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டவன் இந்தக் கொங்கு நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குடிக்கிறவன், சீட்டாடுகிறவன் எல்லாம் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அதற்குக் காதும் குத்தி முடித்துவிட்டான். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத நான் நாற்பதைத் தாண்டியும் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பல்லடம் பக்கம் ஒரு வீடு. தரகர், அம்மா, நான் என்று மூன்று பேர் போயிருந்தோம். தேங்காய் பர்பியும் மிக்சரும் காப்பியும் வந்தன. பெண்ணின் அப்பா தங்கமான மனிதர். தறி எப்படி ஓடுகிறது, நூல் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் தனிக்குடித்தனமா இல்லை அம்மாவும் கூட இருப்பார்களா என்று பதமாகக் கேட்டார். அதெல்லாம் பேசிக்கலாமுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாய் சும்மா இருந்தால்தானே? ஓர்க்கா என்று ஒன்று கடலில் இருக்கிறது, கொலைகாரத் திமிங்கலம் என்று பேர், அதில் ஆண் எத்தனை பெரிதாக வளர்ந்தாலும் தாயின் பக்கத்தை விட்டு நகராது என்று ஆரம்பித்துவிட்டேன். முதுகுத் துடுப்பு மட்டுமே ஆளைவிட உயரம், உடம்பு சரக்கு ஏற்றிய மினி லாரி கனம், அப்பேர்ப்பட்டது தாய் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ அந்தப் பக்கம் திரும்பும் என்றேன். தரகர் என் காலை மிதித்தார். கால் வலித்ததே ஒழிய விஷயம் எனக்கு ஏறவில்லை. இணை சேர மட்டும் அது வேறு கூட்டத்துப் பெண்ணைத் தேடிப் போகும், முடிந்ததும் நேராக அம்மாவிடம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லித்தான் நிறுத்தினேன்.

சமையல்கட்டுக்குள் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. மறுநாள் தரகர் போன் பண்ணினார். மாப்பிள்ளை அந்தத் திமிங்கலக் கூட்டத்திலேயே பெண் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டதாம். நியாயமான பதில்தான். எனக்கே சிரிப்பு வந்தது.

அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். அம்மாவுக்குச் சாதாரணமாகப் பேசினாலே பஸ் முழுக்கக் கேட்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிக் கொட்டகையில் நின்றவர், பாதிக் காது அந்தச் சத்தத்திலேயே போய்விட்டது. எனவே கண்டக்டர் முதல் கடைசி சீட்டுக்காரர் வரைக்கும் என் பெருமை தெரிந்துபோயிற்று. எங்கள் ஊர் சூலூர் நெருங்கும்போது கோபம் தணிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாய்த் திமிங்கலத்துக்கு எத்தனை வயது இருக்கும் என்று கேட்டார். எழுபது, எண்பது வயது வரைக்கும்கூட இருக்குமாம் என்றேன். அப்புறம், ஒவ்வொரு சம்பந்தம் தட்டிப்போகும்போதும் கேட்பதைக் கேட்டார்.

"எனக்கப்புறம் உனக்கு ஆரு கண்ணு சோறாக்கிப் போடுவா?"

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் இருந்த ஒரே கவலை அதுதான். அக்காவைப் பெருந்துறையில் கட்டிக்கொடுத்தாயிற்று. எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஆண்பிள்ளை அடுப்படிக்கு வருவது எங்கள் சனத்தில் வழக்கமில்லை. அம்மாவும் விட்டதில்லை, நானும் போனதில்லை.

ஓர்க்கா எனக்குள் எப்படிப் புகுந்தது என்றும் சொல்லவேண்டும். சூலூரிலிருந்து கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் ஆகாயத்தைத்தான் காட்டுவேன். எனக்கு இருப்பது வாடகைக் கொட்டகையில் எட்டுத் தறி. தறிக்காரனுக்குக் கண்ணுக்கு வேலை கொஞ்சம், காதுக்குத்தான் வேலை. எட்டும் ஒன்றாக அலறும்போதே எது சரியாக ஓடுகிறது, எதில் நூல் அறுந்திருக்கிறது என்று காது சொல்லிவிடும். அதனால் நின்ற இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படி ஒருநாள் விரல் தவறிப் பட்டு ஒரு வீடியோ ஓடியது. கறுப்பும் வெள்ளையுமாக, இப்போதுதான் பெயின்ட் அடித்து நிறுத்தியது போல ஒரு பிராணி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது. அந்தச் சத்தத்தில் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. வெறும் படம்தான். நாடாவில் நூல் தீர்ந்து தறி நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன், படித்தேன். திமிங்கலம் என்று பேரே தவிர அது டால்பின் சாதி, அதில் எல்லாவற்றையும்விடப் பெரியது. கொலைகாரன் என்று பேர் வைத்தார்களே, கடலில் திரிகிற ஓர்க்கா எதுவும் மனிதனைக் கொன்றதாக இதுவரைக்கும் ஒரு சேதி இல்லை. ஒரு கூட்டம் மீன் மட்டுமே தின்னும். இன்னொரு கூட்டம் சீல் என்கிற கடல்நாய், டால்பின் என்று வேட்டையாடும். இரண்டும் ஒரே கடலில் எதிரெதிரே போனாலும் ஒன்றின் சாப்பாட்டை மற்றது தொடாது, சம்பந்தமும் வைத்துக்கொள்ளாது. எங்கள் சனத்தின் வைராக்கியம் கடலிலும் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். தென்துருவத்தில் பனிக்கட்டி மேல் சீல் படுத்திருந்தால், நாலைந்து சேர்ந்து வரிசை பிடித்து, ஒரே வேகத்தில் வந்து ஒரு அலையைக் கிளப்பும். அந்த அலை சீலை வழித்துத் தண்ணீரில் தள்ளிவிடும். ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் நாலு பேர் ஒன்றாக ஒரு காரியம் செய்து எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

மீன் தின்கிற கூட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பேச்சு உண்டு. கூப்பிடுகிற சத்தத்தை வைத்தே நம்ம வீட்டு ஆளா, அடுத்த வீட்டு ஆளா என்று தெரிந்துகொள்ளும். அந்தச் சத்தத்தைக் குட்டி தாயிடம் கேட்டுக் கேட்டுத்தான் பழகுமாம். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கண்ணை மூடிக்கொண்டு என் மூன்றாவது தறியையும் ஐந்தாவது தறியையும் பிரித்துச் சொல்வேன். அதுவும் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான்.

இதையெல்லாம் கேட்க ஊரில் எனக்கு ஒரே ஆள் அம்மா. நண்பர்கள் ஒரு வாரம் கேட்டார்கள். அப்புறம் நான் டீக்கடைக்குள் நுழைந்தாலே, திமிங்கலம் வருது, தண்ணியை எடுத்து உள்ளே வையுங்க என்று கேலி. அம்மா அப்படி இல்லை. சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, இன்றைக்கு அது என்ன செய்தது என்று கேட்பார். கண்ணுக்கு மேலே இருக்கிற வெள்ளைத் திட்டைத்தான் கண் என்று நினைத்து, எம்மாம் பெரிய முழி என்று வியந்துகொண்டிருந்தார். நிஜக் கண் அதற்குக் கீழே சின்னதாகக் கறுப்பில் ஒளிந்திருக்கிறது என்று காட்டியபோது, அப்படியானால் அது பார்ப்பது எதிராளிக்குத் தெரியாது, கெட்டிக்காரி என்றார்.

தாய் ஓர்க்கா நாற்பது வயது வாக்கில் குட்டி போடுவதை நிறுத்திவிடும். அதற்கப்புறமும் பல வருஷம் வாழும். மனிதப் பெண்ணைப் போல இப்படி இருக்கிற பிராணிகள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். நின்றுபோனது என்று அதை யாரும் ஓரம் கட்டுவதில்லை. மீன் கிடைக்காத வருஷத்தில் அவள்தான் முன்னால் போவாள், மற்றது எல்லாம் பின்னால் போகும். மீன் எங்கே இருக்கும் என்று அவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும். பிடித்த மீனைக் கடித்து, வளர்ந்து எருமையாகிவிட்ட மகனுக்கும் பங்கு கொடுப்பாள். இதை நான் சொன்னபோது அம்மா அணை மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். தலை அவருடையது. எனக்கு நினைவு தெரிந்து அம்மா நடுத்துண்டு தின்று நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தோம்.

எல்லாவற்றையும் சொல்கிற பழக்கத்தில்தான் அதையும் சொல்லித் தொலைத்தேன். தாய் செத்துப்போனால், வளர்ந்த ஆண் ஓர்க்காக்கள் பல அதற்கடுத்த ஒரு வருஷத்துக்குள்ளேயே செத்துவிடுகின்றனவாம். மகள்களுக்கு அவ்வளவு ஆவதில்லை. மகன்களுக்குத்தான். அத்தனை பெரிய உடம்பு, அத்தனை பல், ஆனாலும் தாய் இல்லாமல் தாக்குப்பிடிப்பதில்லை. இதைக் கொட்டகையில் வைத்துத்தான் படித்தேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அம்மா எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அது திமிங்கலம் சாமி. நீ மனுசன்" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றேன். இரண்டு பேருக்குமே அதில் நம்பிக்கை இல்லை.

சில நாள் கழித்து இன்னொரு வீடியோ காட்டினேன். அர்ஜென்டினா என்கிற நாட்டின் கடற்கரை. அங்கே ஓர்க்காக்கள் அலையோடு கரைமேலேயே ஏறிவந்து, மணலில் நிற்கிற கடல்சிங்கக் குட்டியைக் கவ்விக்கொண்டு திரும்புகின்றன. உயிரைப் பணயம் வைக்கிற வேலை. கரையில் மாட்டிக்கொண்டால் சொந்த உடம்பின் பாரமே அதை நசுக்கிக் கொன்றுவிடும். இதைப் பிறவியிலேயே யாரும் அறிந்து வருவதில்லை. தாய் குட்டியைக் கரைப்பக்கம் உந்தித் தள்ளுகிறது. குட்டி மணலில் ஏறித் தவிக்கிறது, தப்பான நேரத்தில் பாய்கிறது, வெறும் வாயோடு திரும்புகிறது. மாட்டிக்கொண்டால் தாய் வந்து மீட்கிறது. வருஷக்கணக்கில் இப்படி நடக்கிறது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாம் தடவையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பக்கத்துலயே நிக்குதே, அந்தத் தாயி ஏன் தானே புடிச்சுக் குடுத்துபோடாம கம்முனு நிக்குது?"

அது பழகட்டும் என்றுதான் என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். எவ்வளவு நெஞ்சழுத்தம் அதுக்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த மாதம்தான் பொடக்காலியில், அதாவது வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் புழங்குகிற இடத்தில், அம்மா வழுக்கி விழுந்தார். அது நிஜமான விழுதல்தான், மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் எலும்பில் கீறல் என்று மாவுக்கட்டுப் போட்டு, கையைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். அக்கா வந்தாள். ஒரு வாரம் ஆக்கிப்போட்டாள். பெருந்துறைக்கு வந்து இரும்மா, இவனையும் கூட்டிக்கிட்டு வா என்றாள். தாய் போன ஓர்க்கா சில சமயம் அக்காவோடு ஒட்டிக்கொள்ளும் என்று நான் சொன்னேன். வாயைக் கழுவுடா என்று தலையில் குட்டினாள். அம்மா மட்டும் அசையவில்லை. அவள் கிளம்பியதும் ஒரு முக்காலியை இழுத்து அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தார். வெங்காயத்தை எடு என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் சனி. முதலில் அரிசியும் பருப்பும் சாதம். எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லாத நாளில் செய்வது அது. ஒன்றும் இல்லாத நாளுக்கே இத்தனை வேலையா? சின்ன வெங்காயம் உரிப்பதற்குள் கண் அவிந்துபோயிற்று. தண்ணீர் கூடிப்போய்க் கஞ்சியாகிவிட்டது. மறுநாள் தண்ணீர் குறைந்து விறைத்துக்கொண்டு நின்றது. அதற்கடுத்த நாள் சீரகம் கருகி வீடெல்லாம் புகை. அம்மா முக்காலியை விட்டு எழவே இல்லை. கரண்டி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும், நல்ல கைதான் ஒன்று இருக்கிறதே, எடுத்து ஒரு கிண்டு கிண்டலாமல்லவா? மாட்டார். பச்சைப்பயறு கடையும்போது மத்து வழுக்கிச் சட்டையெல்லாம் ஆனபோது எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. அக்காள் வீட்டுக்கே போயிருக்கலாம், இல்லையென்றால் கடையில் வாங்கித் தின்னலாம், தறிக்காரனுக்கு எதற்கு இந்தக் கர்மம் என்று கத்தினேன். எனக்கும் தறிக்குரல்தான், தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா அசராமல், சட்டையைக் கழற்றி நனைத்து வை, கறை புடிச்சுக்கும் என்றார்.

மாவுக்கட்டுப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி மெதுவாக வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மா வலி போகவில்லை என்றார். அப்பாவின் பழைய துண்டு ஒன்றைக் கழுத்தில் கட்டிக் கையை அதற்குள் வைத்துக்கொண்டார். வயதான எலும்பு, அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். இதற்குள் எனக்குக் கை பழகியிருந்தது. தண்ணீர் அளவு கண்ணுக்கே தெரிந்தது. பருப்பு வெந்த வாசம் மூக்குக்குத் தெரிந்தது. வராத ஒன்று கொள்ளு ரசம்தான். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, புளியை ஊற்றி, நுரை கட்டுகிற நேரத்தில் இறக்கவேண்டும். அந்த நேரத்தை நான் ஒவ்வொரு நாளும் தவறவிட்டேன்.

ஒருநாள் காலை கொட்டகைக்குப் போன பிறகுதான் போனை வீட்டிலேயே மறந்துவிட்டது தெரிந்தது. போன் இல்லாமல் எனக்குத் தறி ஓடாது. திரும்பி வந்தேன். வண்டியை வாசலில் நிறுத்தி உள்ளே போனேன். அம்மாவைக் காணோம். பொடக்காலியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

கழுத்துத் துண்டு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா சென்னிமலைப் போர்வையைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். நனைந்தால் எனக்கே தூக்கச் சிரமமான கனத்த போர்வை. அதை இரண்டு கையாலும் முறுக்கி, சொட்டுத் தண்ணீர் பாக்கியில்லாமல் பிழிந்து, உதறிக் கொடியில் வீசினார். மணிக்கட்டு கல்லு மாதிரி இருந்தது. என் வண்டிச் சத்தம் அந்தக் காதில் விழவே இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எத்தனை நாள் வெங்காயம், எத்தனை நாள் புகை. அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் கடற்கரை ஞாபகத்துக்கு வந்தது. இரை கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தும் பிடிக்காமல், பிள்ளை தவிப்பதைப் பார்த்துக்கொண்டு தண்ணீருக்குள் கம்மென்று நிற்கிற அந்தத் தாய். எத்தனை தடவை அந்த வீடியோவைப் போடச் சொன்னார். வாயை மூடிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சத்தமில்லாமல் வெளியே வந்தேன். வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். அங்கே ஸ்டார்ட் பண்ணி, பாதிக் காதுக்கும் கேட்கட்டும் என்று ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, என்னுங்க, பஸ்ஸா ஓட்டறீங்க என்று கேட்டார். உள்ளே போனபோது அம்மா முக்காலியில் இருந்தார். கை துண்டுக்குள் இருந்தது. துண்டு நனைந்திருந்தது. போர்வையைப் பக்கத்து வீட்டு அம்மிணி வந்து பிழிந்துகொடுத்தது என்று நான் கேட்காமலேயே சொன்னார். நல்ல மனசுங்க அவங்களுக்கு என்றேன்.

அன்றைக்கிருந்து தெருமுனையில் ஹாரன் அடிக்காமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை.

போன மாதம் ஒரு விசேஷத்துக்காகப் பெருந்துறைக்குப் போயிருந்தேன். அக்காவுக்குக் காய்ச்சல். நான் பண்ணுகிறேன் என்று அடுப்படிக்குள் போனேன். கொள்ளு ரசம் வைத்தேன். முதல் தடவையாக நேரம் தவறவில்லை, நுரை கட்டியது, இறக்கினேன். மாமா இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அக்கா கட்டிலில் இருந்தபடியே ஒரு வாய் குடித்துவிட்டு, அம்மா வைத்தது மாதிரியே இருக்கிறது என்றாள். அப்புறம் என்னை ஏறிட்டுப் பார்த்து, இனி அம்மாவுக்கு உன்னைப் பற்றிக் கவலை விட்டதடா என்றாள். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் எனக்குள் அந்த வார்த்தையே ஓடியது. கரையேறிப் பழகிவிட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் தாய் நிற்கவேண்டிய தேவை என்ன?

மறுநாள் மத்தியானம் தெருமுனையில் ஹாரன் அடித்து, வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி அடுப்பைப் பற்றவைத்தேன். அம்மா முக்காலியில் கையைத் துண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ரசம் கூடி வந்தது, வாசம் சரியாக எழுந்தது. நுரை கட்டுகிற நேரம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றேன். அது கொதித்துத் திரிந்தது. போதாக்குறைக்குப் புளித்தண்ணீரையும் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

அம்மா ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னும் கை வரலியே கண்ணு உனக்கு."

"வரலீங்கம்மா" என்றேன்.

"செரி உடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மிச்ச ரசத்தையும் குடித்து முடித்தார்.